மீன் வாசனைக் கத்திரிக்காய்

என் சம்பந்தியம்மா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கும் நாளில் அவருக்கு ஏதாவது ஒரு விரதம் வந்துவிடும். சோமவாரம், பிரதோஷம், கிருத்திகை எல்லாம் தீர்ந்துபோனால் வயிறு சரியில்லை. வயிறு சரியாக இருந்தால், "இப்பத்தான் சாப்ட்டுட்டு வரேன்." பஞ்சாங்கம் கணிக்கிறவருக்கே தெரியாத விரதங்கள்கூட எங்கள் வீட்டுக் கூடத்தில் அனுசரிக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீராவது குடியுங்கள் என்று தம்ளரை நீட்டினால், கைப்பையிலிருந்து சொந்த பாட்டிலை எடுத்துக் காட்டிச் சிரிப்பார். கெட்ட சிரிப்பு இல்லை. நல்ல மனுஷி. அதனாலேயே எனக்குக் கோபம் ஜாஸ்தி.

அவர் சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, கணக்கு டீச்சராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கணவர் இல்லை, ஒரே மகன். நாங்கள் கடலூர் பக்கம் குடிகாடு கிராமத்துக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். நான் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் லேப் டெக்னீஷியன். என் மகளும் அவர் மகனும் ஒன்றாகப் படித்து, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவர்களே முடிவெடுத்து, கல்யாணம் செய்துகொண்டு, ஷாங்காய்க்கு வேலைக்குப் போய் நாலு வருஷம். கல்யாணத்துக்குச் சம்பந்தியம்மா மறுப்புச் சொல்லவில்லை. தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் மகளுக்குப் போட்டார். அவள் சமைத்தால் சாப்பிடுகிறார். அவள் அவர் வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். நான் ஆகவில்லை, அவ்வளவுதான்.

சைவம் என்பது வெளியே சொல்கிற காரணம். அதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் அம்மாவோடு முந்திரிக்கொட்டை பொறுக்கப் போவேன். தாகம் எடுத்தால் தோப்புக்காரர் வீட்டு வாசலில் குனிந்து இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேலேயிருந்து ஊற்றுவார்கள். பாதித் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகிப் பாவாடையை நனைக்கும். இன்றைக்கும் என் தம்ளரை யாராவது வேண்டாம் என்றால் அந்த ஈரம் எனக்கு முழங்கையில் தெரியும்.

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தபோது சந்தோஷத்தோடு ஒரு பயமும் சேர்ந்து வந்தது. ஏழாம் மாதம் ஊருக்கு வந்துவிடுவாள், தலைப்பிரசவம் எங்கள் வீட்டில். அதுவரை சரி. ஆனால் பிறக்கிற பிள்ளைக்குப் பேச்சு வரும், விவரம் வரும். ஒரு நாள் அது என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "சிதம்பரம் பாட்டி ஏன் நம்ம வீட்ல தண்ணியே குடிக்கிறதில்ல?" என்று கேட்கும். அதற்கு நான் என்ன சொல்வேன்? அந்தக் கேள்வி வருவதற்குள் இந்த அம்மாள் என் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட வேண்டும். எனக்கு வேறு ஜெபமே இல்லாமல் போயிற்று. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

மசக்கைக்குத் துணையாக ஒரு மாதம் வந்திருங்கள் என்று பிள்ளைகள் எங்கள் இருவரையும் ஷாங்காய்க்கு அழைத்தார்கள். போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, எங்களுக்காக நான்ஜிங், ஊஹான் என்று இரண்டு ஊர்களுக்கு அதிவேக ரயிலில் நாலு டிக்கெட் போட்டு வைத்திருந்தார்கள். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது டாக்டர் மகளை அலையக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அவளைத் தனியே விட்டுவிட்டு வர முடியாது.

"அத்தையும் நீயும் போய்ட்டு வாங்கம்மா. போன்ல எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துட்டேன். நீ தமிழ்ல பேசுனா அது சீனத்துல பேசும்" என்றாள் மகள்.

"நாங்க ரெண்டு பேருமா?" என்று நானும் சம்பந்தியம்மாவும் ஒரே நேரத்தில் கேட்டோம். நாலு வருஷத்தில் நாங்கள் ஒன்றாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளம்பியதே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஸ்டேஷன் நகர்கிறது என்று பார்த்தால் நாங்கள் நகர்ந்துகொண்டிருந்தோம். பெட்டியின் கோடியில் ஒரு பலகையில் வேகம் ஓடியது. முந்நூறைத் தொட்டபோது நான் வாயைப் பிளந்தேன். சம்பந்தியம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மனக்கணக்குப் போட்டார்.

"கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நாப்பத்தஞ்சு கிலோமீட்டர்னு வெச்சா, நம்ம ஊரு தூரத்துக்கு ஒம்பதே நிமிஷம்" என்றார்.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். எங்களுக்கோ நாலு வருஷமாகியும் போய்ச் சேர முடியவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். என் நாக்கை நான் அப்படி அடக்கியதை என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்.

சீன ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் கொதிக்கும் தண்ணீருக்கு ஒரு குழாய் உண்டு. எல்லோரும் கப் நூடுல்ஸைத் தூக்கிக்கொண்டு அங்கே வரிசையில் நிற்கிறார்கள். சம்பந்தியம்மா ஒரு டப்பாவில் கெட்டி அவலைப் போட்டுக்கொண்டு அந்த வரிசையில் நின்றார். வெந்நீரை ஊற்றி மூடி, ஐந்து நிமிஷம் கழித்துப் புளிக்காய்ச்சலைக் கலந்தார். பெட்டி முழுக்கப் பெருங்காயமும் நல்லெண்ணெயும் மணத்தது. எனக்கும் ஒரு பங்கு வைத்தார். அவர் கொடுத்ததை நான் எப்போதும் வாங்கிச் சாப்பிடுவேன். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதற்கு ஒரு நாளும் தடை இருந்ததில்லை. அவல் அமிர்தமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்ஜிங் வாத்துக்குப் பேர்போன ஊர். உப்பில் ஊறிய வாத்து, வெளுப்பாக, குளிர்ச்சியாக, வெட்டி அடுக்கித் தருகிறார்கள். அதைவிட என்னை மயக்கியது வாத்து ரத்தத்தைத் துண்டு துண்டாகப் போட்ட சேமியா சூப். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தப் பொரியல் தின்று வளர்ந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு கிண்ணம் குடித்தேன். எதிரே சம்பந்தியம்மா வெறும் சோற்றில் பருப்புப் பொடியைப் பிசைந்துகொண்டு, என் கிண்ணத்தைப் பார்க்காமல் இருக்கும் பொருட்டுச் சுவரில் இருந்த விலைப்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். படிக்கத் தெரியாத பட்டியல், பாவம். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் திமிராகவும் இருந்தது.

அடுத்த நாள் காலை, ஹோட்டல் அறையின் கெட்டிலில் சீரகம் போட்டுத் தண்ணீர் காய்ச்சி என் பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். வெளியூரில் வயிற்றுக்கு நல்லது. ஊஹானுக்குப் போக ஸ்டேஷனுக்கு வந்தோம்.

அங்கே ஸ்டேஷனுக்குள் நுழைய விமான நிலையம் மாதிரி சோதனை. பைகள் ஒரு பக்கம் போகும். நாம் ஒரு சின்ன மேடையில் ஏறி இரண்டு கையையும் விரித்து நிற்க வேண்டும், ஒரு பெண் காவலர் கருவியால் தடவிப் பார்ப்பார். சம்பந்தியம்மா முதலில் முடித்துவிட்டு, எனக்கு முழங்கால் வலி என்று என் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். அதைக் காவலர் ஒருவர் நிறுத்தினார். பைக்குள்ளிருந்து என் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சீரகத் தண்ணீர் மஞ்சளாகத் தெரிந்தது. அதைச் சம்பந்தியம்மா கையில் கொடுத்து, குடித்துக் காட்டு என்று சைகை செய்தார்.

அது அந்த நாட்டு வழக்கம். பையைக் கொண்டுவந்தவர் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினால் தண்ணீர், குடிக்காவிட்டால் சந்தேகம். நான் மேடைமேல் இரண்டு கையையும் விரித்தபடி நின்றேன். இறங்கவும் முடியாது. 'அது என் பாட்டில்' என்று தமிழில் கத்தினேன். போன் பைக்குள் இருந்தது. யாருக்கு விளங்கும்?

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். என்னை நோக்கி விரலை நீட்டியிருந்தால் போதும், காவலர் என்னிடம் வந்திருப்பார். அவர் நீட்டவில்லை. மூடியைத் திறந்து, அண்ணாந்து, உதடு படாமல் ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டார். காவலருக்கு அது குடிப்பதாகவே படவில்லை. ஏதோ வித்தை காட்டுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டி, பாட்டிலை வாயில் வைத்துக் குடி என்று மறுபடியும் காட்டினார். சம்பந்தியம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு பாட்டிலை வாயில் வைத்துக் குடித்தார். என் கையால் காய்ச்சிய தண்ணீர் அவர் தொண்டையில் இறங்குவதை, கையை விரித்து நின்றபடி நான் பார்த்தேன்.

ரயில் ஏறி உட்கார்ந்தோம். கட்டாயத்தில் குடித்தது கணக்கில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குளித்து முழுகத் துடிப்பாரோ என்றுகூட நினைத்தேன், அவ்வளவு கசப்பு எனக்கு.

"பாட்டில எச்சில் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோங்க. வெந்நீர் குழாயில நல்லா கழுவிக் குடுத்துடறேன்" என்றார்.

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. நான் அவருடைய தீட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன், அவர் என்னுடையதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்.

"கழுவ வேணாம், குடுங்க" என்று வாங்கி, அதே இடத்தில் வாயை வைத்துக் குடித்தேன். வேண்டுமென்றேதான். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வயல்களும் கோபுரக் கட்டடங்களும் ஓடின. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கொஞ்சம் இருக்கா? சீரகம் நல்லா எறங்கியிருக்கு" என்று கையை நீட்டினார்.

அந்தக் காவலரின் முகம் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. ஆனால் தினமும் ஜெபத்தில் அவரைச் சேர்த்துக்கொள்கிறேன். சீனத்துக்காரருக்கு நன்றி சொல்ல என்ன பேரைச் சொல்வது என்று தெரியாமல், 'பாட்டிலைப் பிடித்த தம்பி' என்று சொல்லுவேன். ஆண்டவருக்குப் புரியும்.

ஊஹானில் இறங்கியபோது சம்பந்தியம்மாவுக்கு நல்ல பசி. அவலும் தீர்ந்திருந்தது. ஹோட்டலுக்குப் பின்னால் நாலு மேஜை போட்ட சின்னக் கடை. எங்கள் வயதுள்ள ஒரு அம்மாள் தனி ஆளாகச் சமைத்து, பரிமாறி, மேஜை துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் பளபளவென்று ஊதாக் கத்திரிக்காய்! சம்பந்தியம்மாவின் கண் அங்கேயே நின்றுவிட்டது. கத்திரிக்காய்க் கொத்சுக்குப் பேர்போன சிதம்பரத்துக்காரர் அல்லவா.

போனை மெனுவின்மேல் பிடித்தேன். அது தமிழில், "மீன் வாசனைக் கத்திரிக்காய்" என்றது.

"வேணாம்" என்று சம்பந்தியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மீன் உண்டா என்று போனில் கேட்டேன். கடைக்கார அம்மாள் சிரித்தபடி எதையோ சொல்ல, "மீன் இல்லை. மீன் வாசனை" என்றது போன்.

"மீனில்லாம மீன் வாசனை எப்பிடி வரும்? இத எந்தக் கணக்குல போடறது?" என்றார் சம்பந்தியம்மா.

மறுபடி கேட்டேன். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக விளக்கினார். போன் சொன்னது இதுதான்: மீனுக்குப் போடும் மசாலாவைக் கத்திரிக்காய்க்குப் போடுகிறோம்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இது என் தவக்காலத்துக் குழம்பு! ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் எங்கள் வீட்டில் கவிச்சியே கிடையாது. கிள்ளைக் கடற்கரையிலிருந்து இறால் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் நாக்கு சும்மா இருக்குமா? மீன் குழம்புக்குக் கூட்டுகிற மசாலாவை அப்படியே கூட்டி, மீனுக்குப் பதில் கத்திரிக்காயைப் போட்டுக் கொதிக்க வைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் வஞ்சிரம். இதைச் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். "நாப்பது நாளு நீங்க சைவமா? எனக்குத் தெரியாதே."

"நீங்க எங்க கேட்டீங்க?" என்றேன். இந்தமுறை நாக்கு அடங்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கடைக் கத்திரிக்காயில் கொத்திய பன்றிக்கறி சேர்ப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின், நான் எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். போனில் பேசி முடியாது, கையால் காட்டலாம் என்று. இது வேண்டாம், அது வேண்டாம் என்று நான் காட்டக் காட்ட, அந்த அம்மாள் ஒரு கட்டத்தில் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். யார் இப்படித் தன் அடுப்பை விட்டுக்கொடுப்பார்கள்? நான் விடமாட்டேன். இரும்புச் சட்டியை நானே தேய்த்து இரண்டு முறை கழுவினேன். இஞ்சி, வெங்காயத்தாள், மிளகாய் போட்டேன். புளிப்புக்கு அவர் வினிகரைத் தந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. வாசலுக்கு வந்து, "சம்பந்திம்மா, அந்தப் புளிக்காய்ச்சல கொஞ்சம் குடுங்க" என்றேன்.

கொடுத்தால் சாப்பிடுவார், மறுத்தால் இல்லை. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்து, தானே எழுந்து வந்து, சட்டியில் இரண்டு கரண்டி விட்டார். "கொஞ்சம் வெல்லமோ சக்கரையோ போடுங்க, இல்லாட்டி புளிக்கும்" என்று டீச்சர் குரலில் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

சுடச்சுடச் சோற்றில் ஊற்றினேன். அவர் குச்சிகளை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து முதல் வாயை வைத்தார். இரண்டாவது வாய். மூன்றாவது வாயில், "கொத்சுல இந்த வாசனை வராது. நல்லாயிருக்கு" என்றார். கடைக்கார அம்மாளும் ஒரு கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட்டு, புளிக்காய்ச்சல் பாட்டிலை முகர்ந்து பார்த்து, கட்டை விரலைத் தூக்கினார். மிளகாய்ப் புகையால் என் கண்ணில் தண்ணீர் என்று நான் சொன்னதை இரண்டு பேரும் நம்பவில்லை.

கைகழுவிவிட்டு வந்து சம்பந்தியம்மா சொன்னார். "நேத்திக்கு அந்த போலீஸ்காரரு உங்க தண்ணியில என்னமோ இருக்குன்னு சந்தேகப்பட்டாரு பாருங்க, எனக்குக் கோவம் வந்துச்சு. இவுங்க தண்ணிய இவன் யாரு சந்தேகப்படறதுக்குன்னு. அப்பறம்தான் ஒறைச்சுது. நாலு வருஷமா நான் வேற என்னா பண்ணேன்?"

"காலையில நடந்தது, நேத்தா ஆயிடுச்சு?" என்று கேட்டுவைத்தேன்.

"எனக்கு ரொம்ப நாளான மாதிரி இருக்கு" என்றார்.

மறுநாள் காலை அந்த ஊர்ப் பலகாரம்: எள்ளு விழுதைப் பிசறிய நூடுல்ஸ். ஜனங்கள் நடந்துகொண்டே தின்கிறார்கள். கறி போடாத கிண்ணமாகப் பார்த்து வாங்கி, நாங்களும் நடந்துகொண்டே தின்றோம். எள்ளுப்பொடி இட்லிக்கு மட்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோமே என்று இருவருக்கும் ஆச்சரியம். சம்பந்தியம்மா இன்னொரு கிண்ணம் கேட்டார்.

ஷாங்காய்க்குத் திரும்பும் ரயிலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் எதையோ மனசுக்குள் ஒத்திகை பார்க்கிறார் என்று தெரிந்தது.

"பிரசவத்துக்கு நானும் வந்து உங்க வீட்ல ஒரு பத்து நாளு இருக்கட்டுமா? உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றார்.

நாலு வருஷமாக இதற்கு நான் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எத்தனையோ. குத்தலாக, கிண்டலாக, ஒவ்வொன்றும் நல்ல பதில். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"பத்து நாளு என்னா, நாப்பது நாளு இருங்க" என்றேன். "மீன் படாத பாத்திரமா புதுசா வாங்கி, உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிடறேன். தட்டு, தம்ளர் எல்லாம்."

மரியாதைக்குத்தான் சொன்னேன். அவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்று. அவர் என் பக்கம் திரும்பி, என் கையைப் பிடித்தார்.

"தனியா வேணாம் சம்பந்திம்மா" என்றார். "கொழந்த பாக்கும்."